மல்டிமீட்டர் காட்டாத கோளாறு: ஆசிலாஸ்கோப்பில் நேரத்தை அளப்போம்

என் வீட்டுக் கம்ப்யூட்டர் சில மாதங்கள் என்னைப் பாடாய்ப் படுத்தியது. காலையில் பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும். திரையில் எதுவும் வராது. ரீசெட் பட்டனை அழுத்தியதும் ஒழுங்காக பூட் ஆகிவிடும். ராம் பழுது என்று நினைத்துப் புதிதாக வாங்கிப் போட்டேன். பணம் செலவானதுதான் மிச்சம். மல்டிமீட்டரில் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சோதித்தேன். 12, 5, 3.3 வோல்ட் எல்லாமே சரியாக இருந்தன.

மல்டிமீட்டர் எவ்வளவு வோல்ட் என்று சொல்லும். அது எப்போது வந்தது என்று சொல்லாது. அதற்கு ஆசிலாஸ்கோப் தேவை.

பவர் குட் சிக்னல்

ஏ.டி.எக்ஸ். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் சாம்பல் நிற ஒயரில் வருவது பவர் குட் சிக்னல். மின்சாரம் நிலைபெற்றுவிட்டது என்று மதர்போர்டுக்குத் தெரிவிப்பது இதுதான். அதுவரை பிராசசர் ரீசெட் நிலையிலேயே காத்திருக்கும். மற்ற வோல்டேஜ்கள் வந்தபின் 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள் இது வர வேண்டும் என்பது நீண்டகால விதி. புதிய வழிகாட்டிகளில் மேல் எல்லை குறைந்துள்ளது. கீழ் எல்லை 100தான்.

முதலில் எச்சரிக்கை

ஸ்கோப் ப்ரோப்பின் கிரவுண்ட் கிளிப் எர்த்துடன் இணைந்தது. எனவே அதைக் கறுப்பு ஒயரில் மட்டுமே மாட்டுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும்.

அளக்கும் முறை

1. மதர்போர்டில் செருகிய கனெக்டரின் பின்பக்கம் வழியாக, சேனல் 1 ப்ரோப்பைச் சிவப்பு ஒயரிலும் (5 வோல்ட்) சேனல் 2 ப்ரோப்பைச் சாம்பல் ஒயரிலும் தொடுங்கள்.

2. இரண்டு சேனலையும் கட்டத்துக்கு 2 வோல்ட் என்றும், நேரத்தைக் கட்டத்துக்கு 100 மில்லி செகண்ட் என்றும் வையுங்கள்.

3. டிரிக்கரைச் சேனல் 1, ஏறுமுகம், 2.5 வோல்ட், சிங்கிள் என அமையுங்கள். ஒருமுறை மட்டும் நிகழ்வதைப் பிடித்து வைக்க டிஜிட்டல் ஸ்டோரேஜ் ஸ்கோப்பே ஏற்றது.

4. கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். சேனல் 1 கோடு 4.75 வோல்ட்டைத் தொடும் இடத்தில் ஒரு கர்சர், சேனல் 2 கோடு மேலே ஏறும் இடத்தில் இன்னொரு கர்சர். இடைவெளியே விடை.

எனக்கு வந்த விடை 30 மில்லி செகண்ட்! மின்சாரம் நிலைபெறும் முன்பே பிராசசரை எழுப்பிவிட்டிருக்கிறது. ரீசெட் அழுத்தும்போது எல்லா வோல்டேஜும் நிலைபெற்றிருந்ததால்தான் பூட் ஆனது. வேறு எஸ்.எம்.பி.எஸ். மாற்றி அளந்தேன்: 280 மில்லி செகண்ட். அன்றோடு தொல்லை தீர்ந்தது.

ஃபேஸ் அளப்பதும் இதே கணக்குதான்

திரும்பத் திரும்ப வரும் இரு சிக்னல்களுக்கு இடையிலுள்ள நேர வித்தியாசத்தைக் கோணமாகச் சொல்வதே ஃபேஸ். அந்த வித்தியாசத்தை ஒரு முழுச் சுற்றின் நேரத்தால் வகுத்து 360ஆல் பெருக்குங்கள்.

இதைப் பழகிப் பார்க்க எளிய வழி உண்டு. ஆடாசிட்டி மென்பொருளில் 1 கிலோ ஹெர்ட்ஸ் சைன் டோன் உருவாக்குங்கள். சவுண்ட் கார்டு அவுட்புட்டில் 1.6 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரையும் தொடராக இணையுங்கள். கெப்பாசிட்டரின் மறுமுனை கிரவுண்டுக்குப் போக வேண்டும். சேனல் 1 அவுட்புட்டிலும், சேனல் 2 இரண்டும் சேரும் இடத்திலும் இருக்கட்டும். இரு அலைகளும் பூஜ்யக் கோட்டை மேல்நோக்கிக் கடக்கும் இடங்களை அளந்தால், சேனல் 2 சுமார் 125 மைக்ரோ செகண்ட் பின்தங்கியிருக்கும். முழுச் சுற்று 1000 மைக்ரோ செகண்ட். ஆக, ஃபேஸ் 45 டிகிரி.

அளக்கும் முன் இரு ப்ரோப்களையும் ஒரே புள்ளியில் வைத்துப் பாருங்கள். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால்தான் உங்கள் அளவை நம்பலாம். அடுத்த முறை காரணம் தெரியாத பூட் கோளாறு வந்தால், என்னைப் போல ராம் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். சாம்பல் ஒயரை ஒருமுறை அளந்து பாருங்கள்.