தலைநகரின் காவலும் தலைமையும்

தில்லியில் பயிலும் நமக்குக் காவல்துறை என்றதும், சாலைச் சந்திப்பில் நிற்கும் கான்ஸ்டபிளே நினைவுக்கு வருவார். அவருக்கு மேல் எத்தனை படிகள் உள்ளன, உச்சியில் இருப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பனவும் நாம் அறிய வேண்டியவையே.

இந்திய நகரங்களில் காவல் நிருவாகம் இருவகைப்படும். 1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம், மாவட்டக் காவல்துறையை மாவட்ட மாஜிஸ்திரேட்டின் பொதுக் கட்டுப்பாட்டில் வைத்தது. இம்முறையில் தடையாணை பிறப்பிப்பவர் மாஜிஸ்திரேட், நிறைவேற்றுவது காவல்துறை. கல்கத்தா, பம்பாய், சென்னை மாநகரங்களிலோ, ஆங்கிலேயர் காலத்திலேயே மாஜிஸ்திரேட்டின் அதிகாரங்கள் பலவும் போலீஸ் கமிஷனரிடம் ஒப்படைக்கப்பட்டன. தில்லி இம்முறைக்கு மாறியது 1978 ஜூலை 1ஆம் நாளில்தான். அதுவரை அங்கே தலைமை வகித்தவர் இன்ஸ்பெக்டர் ஜெனரல்.

இதனால் விளைந்த நன்மை யாது? கலவரம் மூண்டால், மற்றோர் அலுவலகத்தின் ஆணைக்குக் காத்திராமல் காவல்துறை விரைந்து செயலாற்றலாம். தீமை யாது? ஒருவரைப் பிடிப்பதும், அவரிடம் நன்னடத்தைப் பிணை கேட்கலாமா என விசாரிப்பதும் ஒரே துறையின் கைக்கு வந்துவிடுகின்றன.

இனிப் படிவரிசையை நோக்குவோம். கான்ஸ்டபிள், ஹெட் கான்ஸ்டபிள், உதவி சப் இன்ஸ்பெக்டர், சப் இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டர் என ஏறி, உதவிக் கமிஷனர், துணைக் கமிஷனர் வழியாக அது கமிஷனரிடம் முடிகிறது. எண்ணிக்கையில் மிகுதியானவர் அடிப்படியினரே. உச்சிப் பதவியோ இந்தியப் போலீஸ் பணியினருக்கு உரியது. 2022 ஆகஸ்டில் அப்பதவியேற்ற சஞ்சய் அரோரா, தமிழ்நாட்டுப் பிரிவு அதிகாரி என்பது நமக்கு ஆர்வமூட்டும் செய்தி.

கமிஷனரை அமர்த்துவது மத்திய அரசு. அரசியலமைப்பின் 239ஏஏ பிரிவின்படி, காவல்துறை தில்லிச் சட்டமன்றத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டதன்று. தெருவில் நடப்பதற்குத் தில்லி மக்கள் தம் சட்டமன்ற உறுப்பினரைக் கேட்டுப் பயனில்லை.

2006ஆம் ஆண்டு பிரகாஷ் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் மாநிலக் காவல்துறைத் தலைவருக்குக் குறைந்தது ஈராண்டுப் பதவிக்காலம் தர வேண்டுமென்று பணித்தது. மத்தியத் தேர்வாணையம் தெரிந்தெடுத்த மூவருள் ஒருவரையே அமர்த்தவும் கட்டளையிட்டது. அந்நியமன விதிகள் தில்லிக் கமிஷனருக்குப் பொருந்தா என 2021 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆக, மாநிலத் தலைவருக்கு இல்லாத மாஜிஸ்திரேட் அதிகாரம் தில்லிக் கமிஷனரிடம் உண்டு. அவருக்குள்ள பதவிக்காப்போ இவருக்கு இல்லை. பதவி நிலையற்றதாயின், அதிகாரி மக்கள் முகத்தைப் பாராமல் அமர்த்தியவர் முகத்தையே பார்ப்பார். அச்சம் உச்சியில் தோன்றினால், கடைசிக் கான்ஸ்டபிள் வரை இறங்கும் அன்றோ? அதிகாரம் எவ்வளவு குவிகிறதோ, அதற்கேற்பப் பதவிக்காப்பும் மக்கள் முன் பொறுப்பும் வளர வேண்டும். நம்மில் சிலர் நாளை அப்பணித் தேர்வை எழுதக்கூடும். அவர்கள் இன்றே இதனை எண்ணிப் பார்ப்பது நன்று.