ஆட்டுக் கொட்டிலில் தெள்ளுப்பூச்சி: மருந்து தரைக்கும் வேண்டும்

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை, பயிர் பார்க்கப் போன ஊரில் ஓர் அம்மா எங்களை வழிமறித்துத் தம் ஆட்டுக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றார். இருபத்திரண்டு வெள்ளாடுகள். ஒரு மாதத்தில் ஐந்து குட்டிகள் செத்துவிட்டன. மிச்சமிருந்த குட்டிகளின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால், சிவப்பாக இருக்கவேண்டிய உட்பக்கம் காகிதம் போல வெளுத்திருந்தது. "மூணு தடவை மருந்துத் தண்ணியில குளிப்பாட்டிட்டேனுங்க ஐயா. குளிப்பாட்டின அன்னிக்கு ஒண்ணும் இருக்காது. எட்டாம் நாள் பார்த்தா பழையபடி மொய்க்குது. மருந்துல கலப்படமுங்களா?" என்று கேட்டார்.

மருந்தில் கலப்படம் இல்லை. ஒரு வெள்ளைத் துணியை முழங்கால் வரை காலில் சுற்றிக்கொண்டு, ஆடுகள் இல்லாத வெறும் கொட்டிலுக்குள் நின்றேன். இரண்டு நிமிடத்தில் துணியின் அடியில் எள் சிதறியது போல் பழுப்புப் புள்ளிகள் ஏறின. ஆடே இல்லாத இடத்தில் இத்தனை தெள்ளு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் தெள்ளுப்பூச்சியை ஒழிக்கும் வழியும் தெரிந்துவிடும்.

தெள்ளுப்பூச்சியை அடையாளம் காண்பது எப்படி?

உண்ணி, பேன், தெள்ளு மூன்றையும் பலர் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். உண்ணிக்கு எட்டுக் கால். தோலில் கடித்துத் தொங்கும். பேன் மயிரைப் பிடித்து மெதுவாக ஊரும். தெள்ளுப்பூச்சிக்கு ஆறு கால், இறக்கை இல்லை, உடல் இரு பக்கமும் நசுக்கியது போல் தட்டையாக இருப்பதால் மயிருக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும். தொட்டால் துள்ளும். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்தப் பூச்சி ஏறக்குறைய ஒரு சாண் உயரம் தாவக்கூடியது. அதன் மார்பில் உள்ள ரெசிலின் என்ற ரப்பர் போன்ற பொருளை வில்லைப்போல் அழுத்தி வைத்து, சட்டென்று விடுவதால் இந்த வேகம் கிடைக்கிறது.

நம் வெள்ளாடுகளில் அதிகம் காணப்படுவது, நாய், பூனைகளில் வாழும் தெள்ளின் நெருங்கிய இனம். நாய்த் தெள்ளும் பூனைத் தெள்ளும்கூட ஆட்டில் ஏறும். ஆகவே கொட்டிலைச் சுற்றிவரும் நாயையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

வாழ்க்கைச் சக்கரம்

பெண் தெள்ளு இரத்தம் குடித்த இரண்டொரு நாளில் முட்டையிடத் தொடங்குகிறது. பூனைத் தெள்ளைப் பற்றிய ஆராய்ச்சிகளில், நல்ல நிலையில் ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டை வரை இடுவது தெரியவந்துள்ளது. அது நாளொன்றுக்குக் குடிக்கும் இரத்தம் தன் எடையைப்போல் ஏறக்குறைய 15 மடங்கு. நூற்றுக்கணக்கான தெள்ளு ஏறிய ஒரு சின்னக் குட்டி ஏன் வெளுத்துச் சாகிறது என்பது இப்போது விளங்கும்.

முட்டை வெண்மையாக, வழவழப்பாக இருக்கும், மயிரில் ஒட்டாது. ஆடு படுக்கும் இடத்தில் உதிர்ந்துவிடும். சில நாட்களில் அதிலிருந்து கால் இல்லாத வெண்ணிறப் புழு வெளிவரும். இந்தப் புழு ஆட்டைக் கடிப்பதில்லை. தாய்த் தெள்ளு கழித்த எச்சத்தில் உலர்ந்துள்ள இரத்தமே அதற்கு முக்கிய உணவு. வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கி, புழுக்கைக்கும் புழுதிக்கும் அடியில் புகுந்துகொள்ளும். அதற்கு ஈரக்காற்று வேண்டும். காற்றில் ஈரப்பதம் 50 சதவிகிதத்துக்குக் கீழே போனால் புழு காய்ந்து செத்துவிடும்.

வளர்ந்த புழு பட்டு நூல் போல் நூற்றுக் கூடு கட்டி, மண் துகளை அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். பார்த்தால் மண்கட்டி என்றே நினைப்போம். கூட்டுக்குள் மருந்து எளிதில் புகாது. உள்ளே முழு வளர்ச்சி அடைந்த தெள்ளு, அருகில் ஆள் அல்லது விலங்கு நடமாடும் அதிர்வும், உடல் சூடும், மூச்சுக்காற்றும் படும்வரை மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் காலில் தெள்ளு மொய்ப்பது இதனால்தான். வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாட்களில் முட்டை முதல் தெள்ளு வரை மூன்று, நான்கு வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

நாய், பூனை வளர்க்கும் வீடுகளில் நடந்த ஆராய்ச்சிகளின்படி, கண்ணால் காணும் தெள்ளு மொத்தத்தில் சுமார் 5 சதவிகிதமே. மிச்சம் 95 சதவிகிதம் முட்டை, புழு, கூடு என்ற நிலைகளில் தரையில் இருக்கிறது. அந்த அம்மா மூன்று தடவையும் மருந்திட்டது அந்த ஐந்து சதவிகிதத்துக்கு மட்டும்தான்.

ஒழிக்கும் முறை

1. ஆடுகளை வெளியேற்றிவிட்டு, கொட்டிலில் உள்ள புழுக்கை, கூளம், மேல்மண் ஆகியவற்றை இரண்டு மூன்று அங்குலம் வரை சுரண்டி அள்ளவேண்டும். சுவர் ஓரம், தொட்டி அடி, கம்பத்தின் அடி ஆகிய இடங்களை விட்டுவிடக்கூடாது. புழு ஒளிந்திருப்பது அங்கேதான்.

2. அள்ளிய குப்பையைக் கொட்டிலை விட்டுத் தள்ளிக் குவித்து, சாணக் கரைசல் தெளித்து, மண்ணால் மூடிவிடலாம். நன்றாக மக்கும் குவியலின் நடுவில் உண்டாகும் சூட்டில் தெள்ளின் எந்த நிலையும் தப்பாது. மேல்பகுதி சூடேறாது, ஆகவே இரண்டு வாரம் கழித்துக் குவியலைப் புரட்டிவிடவேண்டும். குப்பையும் உரமாகிவிடும்.

3. தரையை இரண்டொரு நாள் நன்றாகக் காயவிடவேண்டும். கூரை இடுக்கைத் திறந்து வெயில் விழச் செய்தால் மிகவும் நல்லது. காய்ச்சல் காசில்லாத மருந்து.

4. பிறகு தரைக்கும், சுவரில் மூன்றடி உயரத்துக்கும் மருந்து தெளிக்கவேண்டும். கால்நடைகளுக்கென்றே விற்கப்படும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற மருந்துகளில் ஒன்றைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, புட்டியில் உள்ள அளவுப்படி கலக்கவேண்டும். ஈரம் உலர்ந்த பிறகே ஆடுகளை உள்ளே விடலாம்.

5. அதே நாளில் எல்லா ஆடுகளுக்கும், வீட்டு நாய்க்கும் மருந்திடவேண்டும். ஒன்றை விட்டாலும் விதை விட்டது போலாகும். பூனைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் பூசவேண்டாம். நாய்க்கு ஒத்துக்கொள்ளும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

6. இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, நான்கு வாரத்தில் மற்றொரு முறை தரைக்கும் ஆட்டுக்கும் மருந்து தேவை. கூட்டுக்குள் தப்பிய தெள்ளு அதற்குள் வெளிவரும். தெளிப்பதற்கு முன் தரையைக் கட்டையால் தட்டி, துடைப்பத்தால் அழுத்திப் பெருக்கினால், அதிர்வில் தெள்ளு கூட்டை விட்டு வெளியே வந்து மருந்தில் அகப்படும்.

ஆட்டுக்கு மருந்திடும்போது வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிட்டு, வெயில் உள்ள காலை நேரத்தில் செய்யவேண்டும். தாகத்தோடு விட்டால் மருந்துத் தண்ணீரைக் குடித்துவிடும். வெளுத்துத் தளர்ந்த குட்டியை முக்கி எடுக்கக்கூடாது. மருத்துவர் சொல்லும் அளவில் துணியால் துடைத்துவிட்டால் போதும். தாய் ஆட்டின் மடியைக் கழுவிய பிறகே குட்டியை ஊட்டவிடவேண்டும். மிச்ச மருந்தைக் குளம், கிணறு பக்கம் ஊற்றக்கூடாது. இவ்வகை மருந்துகள் மீன்களுக்குக் கொடிய நஞ்சு.

இன்னும் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பருத்திக்கும் நெல்லுக்கும் வாங்கிய மருந்தை ஆட்டின்மேல் ஊற்றாதீர்கள். ஆடும் போகும், ஊற்றிய கைக்கும் ஆபத்து. அந்தக் காலத்தில் நாங்களே தூவச் சொன்ன பி.எச்.சி. தூள் 1997இல் தடை செய்யப்பட்டது. கார்பரில் தூளும் 2018இல் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய டப்பா பரணில் இருந்தால் அதை எடுக்கவேண்டாம்.

குட்டிகள் வெளுப்பதற்குக் குடற்புழுவும் காரணமாகலாம். தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கினால் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் சோதித்துக்கொள்வது நலம். சந்தையில் வாங்கிய ஆட்டை உடனே மந்தையில் சேர்க்காமல், தனியே கட்டி மருந்திட்ட பிறகே சேர்க்கவேண்டும்.

கோழி வளர்ப்பவர்களுக்கு

கோழியின் கொண்டை, கண் ஓரம், தாடி ஆகிய இடங்களில் கரும்புள்ளிகள் கொத்தாக ஒட்டியிருந்தால் அது ஒட்டுத் தெள்ளு. இது துள்ளி ஓடாது. தலையைத் தோலில் புதைத்துக்கொண்டு அப்படியே இருக்கும். பிய்த்தால் புண்ணாகும். கொத்தின்மேல் வாசலைன் தடவினால் மூச்சடைத்துச் சாகும். அடைகாக்கும் கூடையின் வைக்கோலை எரித்துவிட்டு, தரையை மேலே சொன்னபடி சுத்தம் செய்யவேண்டும்.

மனிதருக்கு வரும் நோய்கள்

நாய்த் தெள்ளின் வழியாக ஒருவகை நாடாப்புழு பரவுகிறது. புழுவின் முட்டையைத் தெள்ளின் குஞ்சுப்புழு தின்னும். வளர்ந்த தெள்ளை நாயோ, நாயோடு விளையாடும் குழந்தையோ தவறி விழுங்கினால் குடலில் நாடாப்புழு வளரும். மலத்தில் வெள்ளரி விதை போன்ற துண்டுகள் காணப்படும்.

எலித் தெள்ளு பரப்பும் டைபஸ் காய்ச்சல் மற்றொன்று. இது கடியால் மட்டும் வருவதில்லை. கடித்த இடத்தை நாம் சொறியும்போது, தெள்ளின் எச்சத்தில் உள்ள கிருமி தோலின் கீறலில் புகுந்துவிடுகிறது. இப்போது அதிகம் பேசப்படும் ஸ்க்ரப் டைபஸ் வேறு. அது ஒருவகைச் சிலந்திப்பேனின் குஞ்சால் பரவுவது. இரண்டுக்கும் நல்ல மருந்து உண்டு. விடாத காய்ச்சல், தலைவலியோடு மருத்துவரிடம் போகும்போது "எங்கள் வீட்டில் எலியும் தெள்ளும் இருக்கின்றன" என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை நோயைக் கண்டுபிடிக்க உதவும்.

மூன்றாவது பிளேக். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் இருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அது நம் முன்னோர் பட்ட பாட்டின் அடையாளம். 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் பிளேக் கிருமியைக் கண்டார். 1898இல் கராச்சியில் சைமண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியிலிருந்து எலிக்கு அதைக் கொண்டு செல்வது தெள்ளு என்று காட்டினார். அன்று பலர் நம்பவில்லை. பிறகு பம்பாயில் நடந்த விரிவான சோதனைகள் அதை உறுதிப்படுத்தின. கிருமி பெருகித் தெள்ளின் இரைப்பை வாயை அடைத்துவிடுகிறது என்று 1914இல் தெரிந்தது. குடித்த இரத்தம் உள்ளே இறங்காமல், பசி தீராத தெள்ளு மீண்டும் மீண்டும் கடித்துக் கிருமியைக் கக்குகிறது.

நம் நாட்டில் 1966க்குப் பிறகு 28 ஆண்டுகள் பிளேக் உறுதியாகவில்லை. 1994இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலும், குஜராத்தின் சூரத் நகரிலும் மீண்டும் தோன்றியது. 50க்கு மேற்பட்டோர் இறந்தனர். இன்று இதற்கு உயிர் காக்கும் மருந்துகள் உண்டு. காலத்தில் போய்ச் சேருவதுதான் முக்கியம்.

எலி தானாகச் செத்தால்

எலி செத்து உடல் குளிர்ந்தால் தெள்ளு அதை விட்டு இறங்கி வேறு இரத்தம் தேடும். பக்கத்தில் மனிதன் இருந்தால் அவனிடம் வரும். எலி விழுந்த வீட்டைக் காலி செய்து ஊருக்கு வெளியே கொட்டகை போட்ட பெரியவர்கள் காரணம் அறியாமலே சரியான காரியத்தைச் செய்தார்கள்.

ஆகவே, விஷம் வைக்காமலே எலிகள் அடுத்தடுத்துச் செத்து விழுந்தால் கையால் தொடாமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்கவேண்டும். தெள்ளு நிறைந்த வீட்டில் எலியை ஒழிக்கும்போதும், முதலில் தெள்ளுக்கு மருந்து. பிறகே எலிக்குப் பொறி அல்லது விஷம். வரிசை மாறினால் எலியின் தெள்ளு நம் காலுக்கு வரும்.

அந்த அம்மா இந்த முறையை மூன்று தவணையும் விடாமல் செய்தார். தை மாதம் போய் அதே வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடத்தில் ஏறியது ஒரே ஒரு தெள்ளு. மிச்சமிருந்த குட்டிகள் பிழைத்துவிட்டன. "அந்த ஒண்ணையும் விடக்கூடாதுங்க ஐயா" என்று அவரே துடைப்பத்தை எடுத்தார்.

ஆடு, கோழி வளர்ப்போர் மாதம் ஒரு முறை வெள்ளைத் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு கொட்டிலில் நின்று பாருங்கள். புள்ளி ஏறினால், மருந்துப் புட்டியைத் திறப்பதற்கு முன் மண்வெட்டியை எடுங்கள்.