முறைக் கணக்கு

முறை என்பது பலபொருள் ஒருசொல். ஒழுங்கும் முறை, உறவும் முறை, நீதியும் முறை, ஒருவர்பின் ஒருவராகப் பெறுந் தவணையும் முறை. புதுக்கோட்டைச் சீமையில் கண்மாய் நீரைத் தவணையிட்டு வயல்தோறும் விடுதலை முறைவைத்துப் பாய்ச்சுதல் என்பர் உழவர். அத்தவணை நீதியாகவும் இருத்தல்வேண்டும் என்பது அவர் கருத்தாதலின், அச்சொல்லின் இருபொருளும் அவ்வோர் ஏற்பாட்டில் ஒருங்கே நிற்கின்றன. கணித வகுப்பினர் பயிலும் நூல்களிலும் இப்பொருளையே ஆராயும் ஒரு கலை உண்டு. ஆங்கிலத்தார் அதனை ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் என்பர். தமிழிற் செயல்முறை ஆராய்ச்சி எனலாம். இவ்விரண்டனையும் அருகருகே வைத்து நோக்குதல் எம் கருத்து. தமிழ் ஆனர்ஸ் பயில்வார்க்குக் கணக்கில் என்ன அலுவல் என்று நண்பர் சிலர் நகைப்பர். நிலத்தையும் நீரையும் பாடிய தமிழே அவற்றை அளந்து எழுதவும் பயன்பட்டதென்பது அவர்க்கு எம் விடை.

முதற்கண் இக்கலை யாதென ஓர் எளிய உதாரணத்தாற் காண்போம். கட்டடவேலைக்கு வரும் இரும்புக் கம்பி பெரும்பாலும் 12 மீட்டர் நீளமுடையது. ஒரு வேலைக்கு 5 மீட்டர்த் துண்டுகள் 10-ம், மூன்றரை மீட்டர்த் துண்டுகள் 20-ம் வேண்டும் என்க. கம்பி வெட்டுவோர் ஒருவகைத் துண்டை முழுதும் வெட்டி முடித்தபின் மற்றதனைத் தொடங்குவாராயின், முதல்வகைக்கு 5 கம்பியும் இரண்டாம் வகைக்கு 7 கம்பியுமாக 12 கம்பி செலவாகும். ஒவ்வொரு கம்பியிலும் ஐந்து மீட்டர்த் துண்டு ஒன்றும் மூன்றரை மீட்டர்த் துண்டு இரண்டுமாகக் கலந்து வெட்டுவாராயின் 10 கம்பியே போதும். ஒரு சாணும் வீணாகாது. அளவுகள் இரண்டே ஆதலின் இதனைப் பார்த்த அளவில் உணர்ந்தோம். அளவுகள் முப்பதோ நாற்பதோ ஆகுமிடத்து வெட்டும் வகைகள் எண்ணில் அடங்கா. காகித ஆலையில் அகன்ற சுருளைக் குறுஞ்சுருள்களாக அறுப்போர்க்கு இஃது அன்றாட இடர். வகைகளையெல்லாம் எழுதிப் பாராமலே, வேண்டியபோது வேண்டிய வகையை மட்டும் கண்டுகொள்ளும் நெறியை கில்மோர், கோமரி என்னும் இருவர் 1961-இல் வெளியிட்டனர்.

இவர்க்கு முன்னோடி, ருஷ்யாவில் லெனின்கிராடு நகரத்துக் கணிதப் பேராசிரியர் லியொனீது கண்டரோவிச் என்பார். ஒட்டுப்பலகைத் தொழிலார் தம் இயந்திரங்களுக்கு மரங்களை எவ்வாறு பங்கிடுதல் நலம் என 1938-இல் அவரை வினவினர். வினா சிறிது, அதனின்றும் எழுந்த விடை பெரிது. பங்கிடுதல், அறுத்தல், பயிரிடுதல் முதலியன யாவும் ஒரே கணக்கின் பல உருவங்கள் எனக் கண்டு, 1939-இல் ஒரு சிறு நூல் எழுதினார். அமெரிக்காவில் ஜார்ஜ் டான்சிக் என்பார் 1947-இல் அக்கணக்கிற்குச் சிம்ப்ளெக்ஸ் என்னும் தீர்வுநெறி கண்டார். கண்டரோவிச் 1975-இல் கூப்மன்ஸ் என்பாருடன் பொருளியலுக்குரிய நோபெல் பரிசு பெற்றார். 1984-இல் இதற்கே மற்றொரு விரைந்த நெறி கண்டவர் நரேந்திர கர்மார்க்கர் என்னும் இந்தியர் என்பதையும் ஈண்டுக் கூறாது விடல் இயலாது.

இனிப் புதுக்கோட்டைக்கு வருவோம். 1948-இல் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை தனிச் சமஸ்தானமாயும், 1974 முதல் தனி மாவட்டமாயும் விளங்கும் இந்நாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. தெற்கு வெள்ளாறு முதலியன மழைக்காலத்து ஆறுகளே. ஐப்பசி கார்த்திகை மழையைத் தேக்கிவைத்தே இந்நாட்டார் உழுது வாழ்ந்தனர். ஆகலின், கவிநாட்டுக் கண்மாய் போன்ற பெருநீர்நிலை முதலாகச் சிறு குளம் ஈறாக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் இம்மாவட்டத்தில் உள்ளன. ஒன்றன் கலிங்கு வழிந்து மற்றொன்றை நிரப்புமாறு இவை தொடராக அமைந்திருத்தல் அறிந்து மகிழத்தக்கது. நீர் வெளியேற்றும் குமிழியின் கற்றூண்களில் அதனைச் செய்வித்தார் பெயர் பொறித்த பழங் கல்வெட்டுகளும் உண்டு. கோயிற் கல்வெட்டை நாடிச் செல்லும் நம் மாணாக்கர் கண்மாயினுள்ளும் சற்று இறங்கிப் பார்த்தல் நன்று.

கண்மாய் நிறையாத ஆண்டில் உழவர் ஒருவர்முன் நிற்கும் வினாவைக் கணக்காக எழுதுவோம். தொகைகள் விளக்கத்திற்காக யாம் கொண்டவையே. அவர்க்கு நிலம் 4 ஏக்கர். கிடைக்கும் நீர் 28 பாய்ச்சல். ஓர் ஏக்கர் நெல்லுக்கு 10 பாய்ச்சல் வேண்டும். மிஞ்சும் வருவாய் 10,000 ரூபாய். ஓர் ஏக்கர் கேழ்வரகுக்கு 4 பாய்ச்சல். வருவாய் 7,000 ரூபாய். நெல்லே நடுவேன் என்பாராயின் 2.8 ஏக்கரில் நீர் தீர்ந்துவிடும், வருவாய் 28,000. கேழ்வரகே விதைப்பேன் என்பாராயின் நான்கு ஏக்கரும் விளையும். வருவாய் அதே 28,000. நீரில் 12 பாய்ச்சல் பயனின்றி நிற்கும். நெல் 2 ஏக்கரும் கேழ்வரகு 2 ஏக்கருமாக வைப்பாராயின் நிலமும் நீரும் சரியாகத் தீர்ந்து வருவாய் 34,000 ஆகும். இதனின் மிக்கது எவ்வாற்றானும் பெறல் அரிது.

இவ்வளவோடு நின்றால் இஃது ஒரு சிறு கெட்டிக்காரத்தனமே. இக்கணக்கு மற்றொன்றும் சொல்லும்; எமக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகின்றது. இன்னும் ஆறு பாய்ச்சல் நீர் கிடைப்பின் ஓர் ஏக்கர் கேழ்வரகை நெல்லாக மாற்றலாம். அதனால் வருவது 3,000 ரூபாய். ஆகவே அந்நிலையில் ஒரு பாய்ச்சல் நீரின் மதிப்பு 500 ரூபாய். எந்தச் சந்தையும் இவ்விலையைக் கூறவில்லை. நிலமும் நீரும் பயிரும் கூடிக் கூறின. இதனை நிழல்விலை என்பர். கண்மாய் நிரம்பிப் பெருகும் ஆண்டில் இதே பாய்ச்சலின் நிழல்விலை சுன்னமாம். வறண்ட ஆண்டில் ஒரு நாழிகை நீருக்காக உடன்பிறந்தாரும் வரப்பில் நின்று பூசலிடுவதும், மழையாண்டில் மடையைத் திறந்தவர் யார் என்று கேட்பாரும் இல்லாமற் போவதும் இதனால் விளங்கும்.

யார் முன், யார் பின் என்னும் வினாவும் உண்டு. ஒரு மணி, இரண்டு மணி, ஆறு மணி நீர் வேண்டும் மூன்று வயல்கள் உள என்க. பெரியதை முன் பாய்ச்சினால் அவை முடியும் நேரங்களின் கூட்டுத்தொகை 6, 8, 9 ஆக 23. சிறியதை முன் பாய்ச்சினால் 1, 3, 9 ஆக 13. சிறிது முன், பெரிது பின் என்பது இத்தகைய வரிசைக் கணக்கின் விதி. ஆயினும் வயற்காட்டில் இவ்விதி அப்படியே செல்லாது. வாய்க்காலில் இங்குமங்கும் தாவி நீர்விடின் உலர்ந்த வாய்க்கால் மீண்டும் மீண்டும் குடித்துவிடும். ஆகவே வயல்களின் வரிசையே பெரும்பாலும் முறையின் வரிசையாகின்றது. மடை காக்கும் நீர்பாய்ச்சி ஏட்டு விதியை அறியார்; வாய்க்காலின் தாகத்தை அறிவார்.

இனி எல்லாவற்றினும் கடியது தலைமடை கடைமடைச் சிக்கல். தலைமடையில் நால்வர், கடைமடையில் நால்வர்; ஒவ்வொருவர்க்கும் ஓர் ஏக்கர். கண்மாயில் உள்ளது 40 பாய்ச்சல். தலைமடையில் ஓர் ஏக்கர் நெல்லுக்குப் பத்துப் பாய்ச்சல் போதும். கடைமடைக்குச் செல்லும் நீரிற் பாதி வழியிலேயே ஊறிப்போதலின் அங்கு இருபது விடவேண்டும். மிகுந்த நெல் விளைவது எவ்வாறு என்று கணக்கை வினவுவோம். நாற்பதையும் தலைமடைக்கே விடுக என்று அது தயங்காது விடைகூறும். நாலு ஏக்கர் விளையும். கடைமடையார் நால்வர்க்கும் ஒரு மணியும் இல்லை. இது நீதியன்று என்று நீரைச் சரிபாதியாக்கின், தலைமடையில் இரண்டும் கடைமடையில் ஒன்றுமாக மூன்று ஏக்கரே விளையும். ஊர் ஓர் ஏக்கர் நெல்லை இழக்கும். விளைவைப் பேணின் நீதி கெடுகிறது. நீதியைப் பேணின் விளைவு குறைகிறது.

இம்முடிச்சை அவிழ்த்தவர் கணக்கர் அல்லர். இலங்கையின் வறண்ட பகுதியில் குளத்து நீரை நம்பி வாழும் சிங்கள உழவரிடையே பெத்மா என்னும் ஒரு பழவழக்கு உண்டு. நீர் குறைந்த போகத்தில் ஆயக்கட்டு முழுவதையும் உழாமல், குளத்தை அடுத்த ஒரு பகுதியை மட்டும் உழுவர். அப்பகுதி யாருடையதாயினும், அந்தப் போகத்திற்கு அதனை எல்லாரும் தத்தம் பங்கின்படி பிரித்துக்கொள்வர். நம் உதாரணத்தில் எண்மரும் தலைமடை நாலு ஏக்கரை அரையரை ஏக்கராகப் பகிர்ந்துகொள்வர். விளைவு நாலு ஏக்கர், பெறுவோர் எண்மர். ஓர் ஏக்கரும் குறையவில்லை, ஒருவரும் விடுபடவில்லை.

இவ்விடை கணக்கில் ஏன் முன்பே வரவில்லை? அவரவர் வயலை அவரவரே உழுவர் என்று நாம் சொல்லாமலே ஒரு நிபந்தனை எழுதிவிட்டோம். கணக்கு அதனை மதித்தது. தான் பெற்ற நிபந்தனைகளுள் மிகச் சிறந்ததைத் தேடுமேயன்றி, நிபந்தனையைத் திருத்துக என்று அது வாய்திறவாது. பெத்மா உழவர் அந்த ஒரு வரியை அழித்தெழுதினர்.

இவ்வினா கண்மாயோடு முடிவதன்று. மேட்டூர் அணையோடு 1934-இல் வந்த கல்லணைக் கால்வாய், தஞ்சை நாட்டைக் கடந்து அறந்தாங்கிப் பக்கத்திற்கு வருகின்றது. மேட்டூரில் நீர்திறக்கும் வழக்கமான நாள் சூன் 12. நீர் குறைந்த ஆண்டில் அந்நாளைத் தள்ளுவதா, திறந்து முறைவைப்பதா என்று எழும் வினா, கடைசியில் வந்து தங்குவது புதுக்கோட்டைக் கடைமடையில்தான்.

இக்காலத்துக் கண்மாயூர்களில் மற்றொரு வரியும் சேர்ந்துள்ளது. அஃது ஆழ்குழாய்க் கிணறு. நம் எண்மருள் தலைமடையார் ஒருவர் கிணறுடையவர் ஆகித் தம் ஏக்கரைப் பங்கிற்குத் தாராது தாமே உழுகின்றார் என்க. அவர் கண்மாய் நீரை முற்றும் விட்டுவிட்டால் எஞ்சிய எழுவர்க்குத் தலைமடையில் மூன்று ஏக்கரும், மிஞ்சிய பத்துப் பாய்ச்சலாற் கடைமடையில் அரை ஏக்கருமாக மூன்றரை ஏக்கர் விளையும். ஆளுக்கு முன்போலவே அரை ஏக்கர். கிணற்று நீரையும் வைத்துக்கொண்டு கண்மாய் முறையையும் கேட்பாராயின், எழுவர் மூன்று ஏக்கரையே பகிரவேண்டும். ஆகவே கிணறு தானே கேடு செய்வதன்று. இரண்டு நீரையும் ஒருவரே கொள்வதுதான் செய்கின்றது. ஆயினும் முதல்வகையிலும் ஒரு குறை நிற்கின்றது. கண்மாய் நீர் வேண்டாதவர் வரத்துக்கால் தூர்வாரும் நாளில் மண்வெட்டியோடு வருதல் அரிது. எண்மர் வெட்டிய காலை எழுவர் வெட்டவேண்டும். மறு ஆண்டில் அறுவராகவும் கூடும். கால் தூர்ந்தால் 40 பாய்ச்சல் 30 ஆகும். அவ்வுழைப்பிற்கும் கணக்கில் ஒரு வரி எழுதவேண்டும்.