எம்பசிக் காசும் எங்கள் கதையும்

அன்புள்ள மகளுக்கு,

சனிக்கிழமை ரெலிபோனில் நீ அமெரிக்கத் தூதரகத்தின் சிறு மானியத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னபோது நான் அதிகம் கதைக்கவில்லை. பக்கத்தில் உன் அம்மா இருந்தா. அவவுக்கு முன்னால் அந்தப் பழைய கணக்கைக் கிளற எனக்கு மனமில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒழுங்கான நித்திரை இல்லை. முடிவு உன்னுடையதுதான். நீ படித்த பிள்ளை. எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவைக்கிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

உன் யோசனையில் ஒரு குறையும் இல்லை. எண்பதுகளில் கிழக்குப் பேர்ளின் வழியாக வந்து அகதித் தஞ்சம் கேட்டு அசூல் அடித்த எங்கள் சனத்தை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவது எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை. ஏஜென்சிக்குக் காசு கட்டி, ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு ஜேர்மனி கொடுத்த ட்ரான்சிட் விசாவோடு ஃபிரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்துக்கு வந்து எஸ்பான் ரயிலில் ஏறினால், அடுத்த தரிப்பே மேற்குப் பேர்ளின். அங்கே பாஸ்போட் பார்க்க ஆளில்லை. அமெரிக்காவும் பிரித்தானியாவும் பிரான்சும் அந்தக் கோட்டை ஒரு நாட்டெல்லையாக ஏற்கவே இல்லை. சோதனை வைத்தால் ஏற்றதாகிவிடும் என்று வைக்காமல் விட்டார்கள். 1985 யூலையில், பொன் நகரிலிருந்த மேற்கு ஜேர்மன் அரசின் நெருக்குதலுக்குப் பிறகு, மேற்கு ஜேர்மனி விசா இல்லாத தமிழருக்குக் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை அடைத்தது. அடைக்க முன் வந்தவர்கள், பிறகு வேறு வழியால் வந்தவர்கள் என்று எங்கள் குடும்பத்திலேயே இரண்டு கட்சி இருப்பது உனக்குத் தெரியும்.

ஆகவே அமெரிக்கத் தொடர்பு உண்டு என்று நீ எழுதுவது பொய்யில்லை. ஆனால் எங்கள் கதையில் அது ஒரு பந்தி. அவர்கள் படிவத்தில் அதுவே தலைப்பாக இருக்க வேண்டும். தன் நாட்டைப் பற்றி இங்குள்ளவர்களிடம் நல்லெண்ணம் வளர்க்கத்தான் ஒரு தூதரகம் இந்தக் காசை ஒதுக்குகிறது. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை, எல்லா நாடும் செய்வதுதான். அமெரிக்க எழுத்தாளரை அழைத்து மாணவரோடு பேசவைப்பதற்கு அது பொருத்தமான காசு. உன் வேலைக்குப் பொருந்துமா என்று நீயே உன் இரண்டு வரைவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார். முதலில் அனுப்பியதில் பன்னிரண்டு பேரின் பேட்டி இருந்தது. இரண்டாவதில் ஆறு பேர்தான். மற்ற ஆறு பேரின் இடத்தில் ஒரு அமெரிக்கப் பேராசிரியரின் உரையும் ஒரு வட்டமேசையும் வந்து குந்தியிருக்கின்றன. காசு வரமுன்னரே ஆறு பேர் போய்விட்டார்கள், மகள். 2026 அவர்களுடைய சுதந்திரத்தின் 250ஆவது ஆண்டு. அந்தக் கொண்டாட்டத்தையும் சேர்க்கச் சொன்னால் மிச்ச ஆறு பேருக்கும் என்ன நடக்குமோ என்று யோசிக்கிறேன்.

கொடி விசயமும் இருக்கிறது. மானியத்தில் நடக்கும் நிகழ்ச்சியின் அறிவித்தலிலும் பிரசுரத்திலும் அமெரிக்கக் கொடி இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. ஹம் காமாட்சி அம்மன் கோயில் தேரன்று நீ சந்தித்தாயே, அந்த அம்மா அசூல் வழக்குக் கடிதங்களை இன்றைக்கும் பிஸ்கட் ரின்னுக்குள் பூட்டிவைத்திருக்கிறா. அகதிகள் ஹைமில் இருந்த காலத்துப் பயம் அவவுக்கு இன்னும் விடவில்லை. கையெழுத்து என்றாலே கை நடுங்கும். ஒரு வல்லரசின் கொடியோடு போய் நின்றால் அவ வாய் திறப்பாவா?

காசும் நிலையான காசில்லை. 2025 ஜனவரி 20ஆம் திகதி ஒரு கையெழுத்தில் அமெரிக்க வெளிநாட்டு உதவி 90 நாளுக்கு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு யூலை 1ஆம் திகதியோடு யு.எஸ்.எய்ட் என்ற பெரிய நிறுவனமே வெளிநாட்டு உதவி வழங்குவதை நிறுத்தியது. பேர்ளின் சூ நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அமெரிக்கா ஹவுஸ் என்ற அமெரிக்கப் பண்பாட்டு நிலையத்தை எடுத்துப் பார். ஐம்பதுகளில் அக்கறையோடு கட்டினார்கள், 2006இல் மூடினார்கள். இப்போது அது ஒரு புகைப்படக் கூடம்.

அந்தப் பழைய கணக்கையும் சொல்லத்தான் வேண்டும். அது வேறொரு நாட்டின் தூதரகம், பெயர் வேண்டாம். எங்கள் ஃபெரைனின், அதாவது சங்கத்தின், கலைவிழாவுக்குத் தருகிறோம் என்று வாய்ச்சொல் தந்தார்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டி, மிருதங்கக்காரருக்கு ரிக்கற் போட்ட பிறகு, அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். வந்தவர் அப்படி ஒரு கோப்பே இல்லை என்றார். அன்றைக்குத் தலைவராக இருந்தவர் ரெலிபோன் எடுப்பதையே விட்டுவிட்டார். வீடு வாங்க என்று சேர்த்திருந்த காசை எடுத்து உன் அப்பாதான் கடனை அடைத்தான். அவன் ஒருநாளும் ஒருவரையும் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் ஆறவில்லை. இப்போது நீ அரைநாள் வேலையாக மாற்றப்போகிறேன் என்கிறாய். அதைக் கேட்டதும் எனக்கு அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

நாங்கள் வாழ்கிற ஊரிடம் ஏன் கேட்கக்கூடாது? உன் பெரியம்மா ஆஸ்பத்திரிக் குசினியில், நான் இரும்பாலையில், உன் அப்பா இரவுவேலையில் நின்று வரி கட்டிய ஊர் இது. எங்கள் கதை ரூர் பிரதேசத்தின் கதை. நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் ஹைமாட்-ஷெக் என்று ஒன்று தருகிறார்கள், 2,000 யூரோ, எங்கள் மாதிரிச் சின்ன ஃபெரைன்களும் கேட்கலாம். ஒலிப்பதிவுக் கருவிக்கும் பயணத்துக்கும் அது காணும். மிச்சத்துக்கு நகரசபைப் பண்பாட்டுப் பகுதியிடம் போ, நானும் கூட வருகிறேன். உரிமையோடு கேட்கிற காசு அது. இதைச் சொன்னால் உன் தலைமுறைக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் சொல்வேன்: எங்கள் வரலாற்றுக்கு இந்த நாடு காசு கொடுக்கவேண்டும், இன்னொரு நாடு அல்ல.

இல்லை, தூதரகத்துக்குத்தான் எழுதுவேன் என்றால் ஒழுங்காக எழுது. ஃபெரைன் பெயரில் கேட்பதென்றால் முதலில் நேட்டோவின் என்-கேஜ் எண் தேவையா என்று கேள், பிறகு அமெரிக்க அரசின் சாம் தளத்தில் பதிவு. இரண்டும் இலவசம், காசு கேட்டு மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடு. எங்கள் ஃபெரைனின் பெயர் நீதிமன்றப் பதிவேட்டில் ஒரு மாதிரியும் வங்கியில் இன்னொரு மாதிரியும் கிடக்கிறது. தெருப் பெயரில் உள்ள உம்லவுட்டை ஒருவர் புள்ளியோடும் ஒருவர் புள்ளியில்லாமலும் எழுதியிருக்கிறார். இதைச் சரிசெய்யாவிட்டால் பதிவு இழுபடும். சாம் பதிவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இரு பக்கமும் கையெழுத்து விழும்வரை ஐந்து சதமும் செலவழிக்காதே, வேலை நேரத்தையும் குறைக்காதே. கடைசி அறிக்கை கொடுத்த பிறகும் மூன்று வருடம் பில் எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

நிறையச் சொல்லிவிட்டேன். கோபிக்காதே, குஞ்சு. இந்தக் குடும்பத்தில் எங்கள் காலத்தைப் பற்றிக் கேட்ட ஒரே பிள்ளை நீதான். கேட்கிறாய் என்பதே பெரியம்மாவுக்கும் எனக்கும் எவ்வளவு பெரிய சந்தோசம் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. எந்தப் பக்கம் போனாலும் நாங்கள் உன் பக்கம்தான். ஞாயிறு வா, பெரியம்மா ஒடியற்கூழ் காய்ச்சுவா. பட்ஜெட் தாளையும் கொண்டுவா, வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.

ஆனால் ஹம் அம்மாவிடம் இந்த மாதமே போ. அவவுக்கு எண்பத்து மூன்று வயது. உன் கைத்தொலைபேசியிலேயே பதியலாம், அதற்கு ஒருவருடைய காசும் தேவையில்லை.

அன்புடன்,
பெரியப்பா