ஐ.இ.பி.யா, 504 திட்டமா: அமெரிக்கப் பள்ளியில் எதைக் கேட்பது?

பிள்ளைக்குப் பேச்சு தாமதம், வாசிப்பில் தடுமாற்றம், கவனக்குறைவு, ஆட்டிசம் என்று டாக்டர் ஏதாவது சொன்னால், அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் முதலில் தேடுவது நல்ல தெரபிஸ்டைத்தான். பள்ளி மாவட்டத்திடம் என்ன கேட்கலாம் என்பது கடைசியில்தான் நினைவுக்கு வரும். சில வீடுகளில் வருவதே இல்லை. ஃபைலில் ஏறிவிட்டால் பின்னால் கல்லூரி கிடைக்காது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கல்லூரிக்குப் போகும் மதிப்பெண் பட்டியலில் சிறப்புக் கல்வி பற்றிய குறிப்பு இருக்கவே கூடாது. அந்தப் பயத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

பொதுப் பள்ளியில் இரண்டு வழிகள் உண்டு. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. ஒன்று ஐ.இ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டம். 1975-இல் வந்து பிறகு ஐடியா என்று பெயர் மாறிய சட்டத்தின் கீழ் வருவது. 3 வயது முதல் 21 வரை, 13 வகைக் குறைபாடுகளில் ஒன்று இருந்து, அதனால் சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளுக்கானது. 3 வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் பள்ளிக்குப் போகவேண்டாம். மாநிலத்தின் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டத்தைக் கேளுங்கள். மற்றொன்று 504 திட்டம். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு இது. பாகுபாடு காட்டக் கூடாது என்கிற உரிமைச் சட்டம். இதற்கென்று மத்திய அரசு பள்ளிக்குத் தனியாகப் பணம் தருவதில்லை.

எதைக் கேட்பது என்று தீர்மானிக்க நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையே மாறவேண்டுமா? இல்லை, எல்லாருக்கும் நடக்கும் அதே பாடத்தில் குறுக்கே நிற்கும் தடையை எடுத்தால் போதுமா? சர்க்கரை நோய் உள்ள சிறுமிக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளவும், நினைத்த நேரத்தில் தண்ணீர் குடிக்கவும், சர்க்கரை இறங்கிய நாளில் தேர்வைத் தள்ளிப்போடவும் அனுமதி வேண்டும். பாடம் அவளுக்கு நன்றாகவே ஏறுகிறது. அவளுக்கு 504 போதும். வேர்க்கடலை ஒவ்வாமைக்கும் அப்படியே. முன்வரிசையில் உட்கார்ந்தால், நடுவில் எழுந்து நடக்க விட்டால் சமாளித்துக்கொள்கிற கவனக்குறைவுப் பிள்ளைக்கும் பல சமயம் அதுவே போதும்.

டிஸ்லெக்ஸியா எனும் வாசிப்புக் குறைபாட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிறான். பள்ளி 504 திட்டம் தந்து, தேர்வில் கூடுதல் நேரம் என்று எழுதிவிடுகிறது. அரை மணி நேரத்தில் படிக்க முடியாததை முக்கால் மணி நேரத்திலும் அவனால் படிக்க முடியாது. அவனுக்கு வாசிக்கச் சொல்லித்தர ஆள் வேண்டும். அதற்கென்று பயிற்சி பெற்றவர், வாரத்தில் இத்தனை நாள் என்ற கணக்கோடு. அது ஐ.இ.பி.யின் வேலை. 504-இல் காகிதம் குறைவு, செலவும் குறைவு. ஆகவே பள்ளி அதை முதலில் நீட்டினால் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, ஐ.இ.பி.க்கான மதிப்பீட்டையும் சேர்த்தே கேளுங்கள். ஒன்று இருப்பதால் மற்றதைக் கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

"மார்க் நல்லாத்தானே வாங்குறான்" என்ற பதிலும் வரும். வகுப்பு தேறிக்கொண்டு போவதை மட்டும் காரணமாகச் சொல்லி ஐ.இ.பி.யை மறுக்க முடியாது. மத்திய விதியே அப்படித்தான் சொல்கிறது. வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தினமும் மூன்று மணி நேரம் படிக்கவைத்து வாங்கிய மார்க் அது என்றால், அதையும் கூட்டத்தில் சொல்லுங்கள். நம் வீடுகளில் இது சாதாரணம்; பள்ளிக்குத் தெரியாது. அதே சமயம், டாக்டரின் சீட்டு மட்டும் கையில் இருந்தால் ஐ.இ.பி. தானாக வந்துவிடாது. அந்தக் குறைபாடு படிப்பைப் பாதிக்கிறது என்பதையும் காட்டவேண்டும்.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். வாசலில் டீச்சரிடம் பேசியது கணக்கில் வராது. "என் மகனுக்குச் சிறப்புக் கல்வித் தகுதிக்கான முழு மதிப்பீடு வேண்டும்" என்று ஒரு வரி, என்ன கவலை என்று இரண்டு வரி, தேதி, இவ்வளவு போதும். மின்னஞ்சலைப் பள்ளி முதல்வருக்கும் மாவட்டத்தின் சிறப்புக் கல்விப் பிரிவுக்கும் அனுப்புங்கள். கலிஃபோர்னியாவில் 15 நாளில் மதிப்பீட்டுத் திட்டம் கைக்கு வரவேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு மதிப்பீட்டை முடிக்க மத்திய சட்டம் தரும் கெடு 60 நாள். மாநிலங்கள் தங்களுக்கென்று வேறு கெடு வைத்துக்கொள்ளலாம். டெக்சாஸில் 45 பள்ளி நாள். "முதலில் சில மாதம் கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம்" என்பார்கள். பயிற்சி நடக்கட்டும், ஆனால் அதைக் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போட அவர்களுக்கு உரிமை இல்லை. முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். மதிப்பீட்டு முடிவில் உடன்பாடில்லை என்றால் வெளியாள் ஒருவரிடம் மறுமதிப்பீடு கேட்கலாம். அதற்கான செலவை மாவட்டம் ஏற்கவேண்டும். இல்லையென்றால் தன் மதிப்பீடு சரிதான் என்று விசாரணைக்குப் போய் நிரூபிக்கவேண்டும்.

இந்தப் பிடி 504-இல் கிடையாது. ஐ.இ.பி. குழுவில் பெற்றோர் சட்டப்படி உறுப்பினர். ஆண்டுக்கு ஒருமுறை மறுபார்வை, மூன்றாண்டுக்குள் மறுமதிப்பீடு, தகராறு முடியும் வரை பழைய சேவை தொடரும் பாதுகாப்பு எல்லாம் உண்டு. 504-இல் உங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடவேண்டிய கட்டாயம்கூட மத்திய விதியில் இல்லை. பெரும்பாலும் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான்.

ஐ.இ.பி. கிடைத்தால் இலக்கு என்ற பகுதியைப் பென்சிலோடு படியுங்கள். "வாசிப்பில் முன்னேற்றம் காட்டுவான்" என்று இருந்தால் அடித்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள். "அடுத்த மே மாதத்துக்குள், மூன்றாம் வகுப்பு நிலைப் பத்தியை நிமிடத்துக்கு 90 சொல் வீதம், 95 சதவீதம் பிழையின்றி, ஐந்தில் நான்கு முறை படிப்பான், இப்போது 42 சொல் படிக்கிறான்" என்பதுபோல் இருந்தால்தான் ஒரு வருடம் கழித்து நடந்ததா இல்லையா என்று கேட்க முடியும். சேவை வரியும் அப்படியே. வாரம் எத்தனை முறை, எத்தனை நிமிடம், யார், எங்கே, தனியாகவா குழுவாகவா என்று இருக்கவேண்டும். "தேவைப்படும்போது" என்ற சொல்லை ஒத்துக்கொள்ளாதீர்கள். பெயருக்கு ஏதோ முன்னேற்றம் போதாது, பிள்ளையின் நிலைக்குத் தக்க முன்னேற்றம் வேண்டும் என்று 2017-இல் எண்ட்ரூ எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கூட்டத்திலேயே கையெழுத்துப் போட்டாகவேண்டும் என்றில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தரலாம்.

வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று சேர்க்கைப் படிவத்தில் எழுதினால் ஆங்கிலத் தேர்வு வைத்து, தேவைப்பட்டால் ஆங்கிலம் சொல்லித்தரும் இ.எஸ்.எல். வகுப்பில் போடுவார்கள். அது மூன்றாவது வழி அல்ல, வேறு விஷயம். வாக்கியமே அமைக்கத் தெரியாத பிள்ளையை "இரண்டு மொழிக் குழப்பம், சரியாகிவிடும்" என்று இ.எஸ்.எல்.லிலேயே வைத்திருப்பதும் தவறு. ஆங்கிலம் வராததையே குறைபாடாக எழுதுவதும் சட்டப்படி தவறு. தமிழிலும் தடுமாறுகிறானா என்று பாருங்கள். பாட்டியிடம் சரளமாகக் கதை சொல்கிறவன் ஆங்கிலத்தில் திக்கினால் அது இ.எஸ்.எல். வேலை. இரண்டு மொழியிலும் சரளம் இல்லை என்றால் மதிப்பீடு வேண்டும், அதுவும் இயன்றவரை அவன் மொழியில். தமிழை நிறுத்திவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்பதும் உங்கள் உரிமை.

தனியார் பள்ளி? சின்ன வகுப்பு, நல்ல டீச்சர் என்று சிலருக்குப் பொருந்தும். நீங்களாகச் சேர்த்தால் பொதுப் பள்ளியில் கிடைக்கும் முழு ஐ.இ.பி. உரிமை அங்கே வராது. மாவட்டம் சில சேவைகளை மட்டும் தரும். காப்பீட்டில் கிடைக்கும் ஏ.பி.ஏ. எனப்படும் நடத்தைப் பயிற்சித் தெரபியையும் பள்ளிச் சேவைக்குப் பதிலாக எண்ணவேண்டாம். இரண்டும் கூடவே ஓடலாம்.

வீட்டை இழந்தாலும் பள்ளி உரிமை போகாது. வேலை போய், வாடகை கட்ட முடியாமல் நண்பர் வீட்டில் தங்கியிருக்கும் குடும்பத்துக்கு மெக்கின்னி-வென்டோ சட்டம் உண்டு. முகவரிச் சான்று இல்லாமலே பிள்ளையை உடனே சேர்க்கவேண்டும், பழைய பள்ளியிலும் தொடரலாம். கூச்சப்படாமல் மாவட்டத்தின் தொடர்பு அலுவலரைக் கேளுங்கள்.

ப்ராஜெக்ட் மாறி ஊர் மாறும்போது ஐ.இ.பி. காகிதத்தைப் பழைய பள்ளி அனுப்பும் என்று காத்திருக்காமல் கையோடு கொண்டுபோங்கள். புதிய மாவட்டம் ஒப்பான சேவையைத் தொடங்கவேண்டும்; வேறு மாநிலம் என்றால் பிறகு தானே மதிப்பிட்டு முடிவெடுக்கும். உயர்நிலைப் பள்ளிப் பட்டத்தோடு ஐ.இ.பி. முடிந்துவிடும். 504 தரும் பாதுகாப்பு கல்லூரியிலும் உண்டு, ஆனால் அங்கே பையன்தான் போய்க் கேட்கவேண்டும், நீங்கள் அல்ல. ஆகவே பதினோராம் வகுப்பிலாவது கூட்டத்தில் அவனையும் உட்காரவைத்துப் பேசவிடுங்கள்.