தணிக்கை இல்லாத பதினெட்டு மாதங்கள்

சென்ற நூற்றாண்டின் ஜெர்மன் சினிமா என்றதும் நம்மில் பலருக்கு ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபாலிஸ்' நினைவுக்கு வரும். அதே நாட்டில், பரபரப்பை விற்றுப் பிழைத்த படங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முதல் உலகப்போரில் தோற்று, மன்னராட்சி வீழ்ந்த 1918 நவம்பரில் புதிய அரசு தணிக்கையை நீக்கியது. 1920 மே 12இல் புதுத் திரைப்படச் சட்டம் வந்தது. இடைப்பட்ட பதினெட்டு மாதங்களில் எதை வேண்டுமானாலும் திரையிடலாம் என்ற நிலை. தயாரிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? 'அறிவூட்டும் படம்' என்ற பெயரில் விபச்சாரம், பால்வினை நோய், கருக்கலைப்பு எல்லாம் திரைக்கு வந்தன.

இந்த வகைக்கு வழி காட்டியவர் வியன்னாவில் பிறந்த ரிச்சர்ட் ஆஸ்வால்ட். சிபிலிஸ் நோயைப் பற்றி 1917இலேயே 'ஒளி உண்டாகட்டும்' என்ற படத்தை எடுத்தவர். அவருடைய உத்தி எளிமையானது. கண்ணீர்க் கதை ஒன்று. அதன் நடுவே ஒரு மருத்துவர் வந்து விளக்கம் சொல்வார். விளம்பரத்தில் நிபுணரின் பெயர் இருக்கும். கதை கூட்டத்தைக் கூட்டும், மருத்துவர் கௌரவத்தைத் தருவார். பின்னால் வந்தவர்கள் மருத்துவரை விட்டுவிட்டுத் தலைப்பை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 'இச்சையின் கழுதைப்புலிகள்' என்றுகூட ஒரு படத்துக்குப் பெயர்!

ஆனால் ஆஸ்வால்ட் 1919இல் எடுத்த 'மற்றவர்களைப் போல் அல்லாதவர்' படத்தை அந்தக் கும்பலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய 175ஆம் பிரிவை எதிர்த்த படம் அது. கதையை ஆஸ்வால்டுடன் சேர்ந்து எழுதியவர் மருத்துவர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். படத்தில் மருத்துவராகவும் வருகிறார். (1931இல் இவர் இந்தியாவுக்கும் வந்து சென்றார்.) வயலின் கலைஞர் பவுல் கோர்னராகக் கான்ராட் வைட் நடித்தார். ஒருவன் அவரை மிரட்டிப் பணம் பறிக்கிறான். பொறுக்க முடியாமல் அவர் வழக்குத் தொடுக்கிறார். மிரட்டியவனுக்குத் தண்டனை கிடைக்கிறது. அதே வழக்கில் இவருக்கும் கிடைக்கிறது. இவருக்கு ஒரு வாரச் சிறைதான், ஆனால் கச்சேரிகள் போயின, நண்பர்கள் விலகினார்கள். கடைசியில் விஷம் குடித்து இறக்கிறார். சட்டப்புத்தகத்தில் அந்தப் பிரிவை ஒரு கை அடித்துவிடுவதோடு படம் முடிகிறது.

படத்தைப் பார்க்கக் கூட்டம் வந்தது, எதிர்ப்பும் வந்தது. ஆஸ்வால்டும் ஹிர்ஷ்ஃபெல்டும் யூதர்கள் என்பதையும் எதிரிகள் சேர்த்துத் தூற்றினார்கள். மலிவான படங்களைக் காட்டித்தான் தணிக்கை வேண்டும் என்று வாதாடினார்கள். சட்டம் வந்ததும் அடிபட்டவற்றுள் இந்தப் படமும் ஒன்று. 1920இல் பொதுமக்களுக்குத் திரையிடத் தடை. மருத்துவர்களும் ஆய்வாளர்களும் மட்டும் பார்க்கலாம் என்றார்கள். நாற்றமெடுத்த சரக்கோடு நல்ல சரக்கையும் குப்பையில் கொட்டிய கதைதான்.

1933 மே மாதம் நாஜிகள் ஹிர்ஷ்ஃபெல்டின் ஆய்வு நிறுவனத்தைச் சூறையாடி, அதன் நூல்களைத் தீயிட்டார்கள். ஆஸ்வால்ட் நாட்டை விட்டே வெளியேறினார். 175ஆம் பிரிவு முற்றிலும் நீக்கப்பட்டது 1994இல்தான்.

படம் தப்பியதற்கும் ஒரு காரணம் உண்டு. 1927இல் ஹிர்ஷ்ஃபெல்ட் அதைச் சுருக்கித் தம் புதிய படம் ஒன்றில் சேர்த்திருந்தார். அந்தப் பகுதி உக்ரேனிய மொழி எழுத்து அட்டைகளுடன் பின்னாளில் கிடைத்தது. இன்று நாம் பார்ப்பது அதிலிருந்து மீட்டமைத்ததுதான். காணாமற்போன காட்சிகளின் இடத்தில் நிழற்படங்களும் விளக்க வரிகளும் வருகின்றன.