கை நிறையக் கறுப்பு டாட்டூவா? ஆறும்வரை இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள்

திருச்சிக்குப் போய் முன்கை முழுக்கக் கருமை நிரப்பிக்கொண்டு திருமயத்துக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு: ஒரே இடத்தில் ஊசி திரும்பத் திரும்ப ஓடியிருக்கும். கோட்டு டாட்டூவைவிட இது மெதுவாகத்தான் ஆறும். மேல்தோல் மூட 2 முதல் 4 வாரம் ஆகலாம்.

1. கையைச் சோப்பால் கழுவிய பிறகே டாட்டூவைத் தொடுங்கள். வாசனையில்லாத சோப்பும் குழாய் நீரும் கொண்டு தினம் இருமுறை கழுவி, ஒற்றியெடுங்கள். தேய்த்தால் புண் கிளறும்.

2. முதல் சில இரவுகள் பழைய விரிப்பில் படுங்கள். மையும் நீரும் கசியும். துணி ஒட்டிக்கொண்டால் இழுக்காமல், நனைத்து எடுங்கள்.

3. வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை மெலிதாகத் தடவுங்கள். அப்பினால் ஈரம் தங்கி ஊறிவிடும்.

4. மஞ்சள் பூசச் சொல்லும் பெரியவர்களுக்குச் சிரித்துத் தலையாட்டுங்கள், பூசாதீர்கள். திறந்த தோலில் எரிச்சலும் தொற்றும் வரலாம்.

5. குளம், கிணறு, கண்மாய்க் குளியல் ஆறும்வரை வேண்டாம். தேங்கிய நீரில் கிருமிகள் இருக்கும்.

6. திருமயம் கோட்டைப் பாறையில் ஏறும் ஆசையையும் தள்ளிவையுங்கள். வெயிலில் கறுப்பு நன்றாகச் சூடேறும். தளர்வான பருத்தி முழுக்கைச் சட்டை போடுங்கள். சன்ஸ்கிரீன் ஆறிய பிறகுதான்.

7. பொருக்கை உரிக்காதீர்கள், மையும் சேர்ந்து வந்து வெளிறிய திட்டு விழலாம். திட்டு இருந்தால், முழுதும் ஆறிய பின் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம்.

8. சிவப்பு பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் அடித்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயாளிகள் டாட்டூ போடும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். உங்களுக்குப் புண் ஆறத் தாமதமாகலாம்.